பத்திரிகையின் பின்பக்கம் குறித்துச் சம்பந்திக்கு

சிம்மக்கல், மதுரை.
2002, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பரமக்குடியில் குடும்பத்துடன் சௌக்கியமாக இருந்துவரும், அப்படியே இருந்துவர வேண்டும் என்று நான் அன்றாடம் அழகரை வேண்டிக்கொள்ளும் ஸ்ரீமான் ராஜகுரு சம்பந்தி அவர்களுக்கு, துளசிராம் கைகூப்பி எழுதிக்கொண்டது. 'சம்பந்தி' என்று எழுதலாமா கூடாதா என்று என் சம்சாரம் லலிதாம்பாள் பின்னால் நின்று கேட்கிறாள். தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு அந்த வார்த்தையை எடுக்க எனக்கும் உரிமை இல்லை, தங்களுக்கும் இல்லை. ஆகவே சம்பந்தி என்றே போட்டிருக்கிறேன். இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் ஹம்சவேணி அம்மாளின் ரத்தக்கொதிப்பு இறங்கிய விவரத்தையும் அறிய ஆவல். வீட்டில் பேசும் நம் பாஷையில் பேசினால் எனக்குக் கோபம் முதலில் வரும், விஷயம் பின்னால்தான் வரும். போனை எடுக்காமல் தமிழில் கடிதமாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

சென்ற வாரம் வியாழக்கிழமை தங்கள் வீட்டில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் பாடுபட்டுப் பார்த்தேன், முடியவில்லை. முறைப்படி வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மேலே நான்கு மூலையும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வைத்துக் கொண்டுவந்தோம். தாங்கள் சரி என்றால் அச்சுக்குப் போக வேண்டியது. ஹம்சவேணி அம்மாள் அதை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, 'நிகழும் மங்களகரமான' என்று வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்கள். அம்மாள் பார்த்தது முன்பக்கம். எதிரே உட்கார்ந்திருந்த நாம் அத்தனை பேரும் பார்த்தது பின்பக்கம். அங்கே பரவை மார்க்கெட் வெங்காய மண்டி விருமாண்டி கழுத்தில் மாலையோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அம்மாள் 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்று படிக்கும்போது தங்கள் தங்கை அழ ஆரம்பித்தார். அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அம்மாள் இன்னும் உரக்கப் படித்தார்கள். யாராவது ஒருவர் எழுந்து சொல்லியிருக்கலாம். கடைசியில் அம்மாள் தாளைத் திருப்பியதும், தட்டை எங்கள் பக்கம் தள்ளியதும், "யோசிச்சுச் சொல்றோம்" என்று தாங்கள் சொன்னதும் நடந்தது.

அதற்குப் பிறகு தங்களிடமிருந்து தகவல் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொட முடியாது. ஆவணியில் முகூர்த்தம். ஆனி முடிவதற்குள் தாங்கள் சம்மதம் சொல்லவில்லை என்றால் என் மகள் ஸ்வப்னாவின் கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் ஊர் பேசும். ஊர் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன். நான் எடுத்த காரியத்தைப் பாதியில் போடுகிறவன் இல்லை. நடந்தது என்ன என்று ஆதியோடந்தமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும். முதலில் ஒரு மன்னிப்பைப் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன்: மன்னிக்கவும்.

என் டிடிபி கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு என்று பெண் பார்க்க வந்தபோதே தங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல காரியத்துக்கு ஒரு பிரிண்டர், துக்கத்துக்கு ஒரு பிரிண்டர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பிரிண்டரில். கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் எல்லாம் வாசல் பக்கம் இருக்கிற பிரிண்டரில். இது தெரிந்து கீழமாசி வீதியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். இந்தச் சித்திரையில் சாமி படத்துக்குக் கீழே இருந்தது உயிரை விட்டுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, மூடி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்தை வைத்துக்கொண்டு புதிதாக வாங்க வேண்டாம் என்று லலிதாம்பாள் சொன்னாள். ஆக, மிச்சம் இருந்தது துக்கத்துப் பிரிண்டர் ஒன்றுதான். அதற்குப் புண்ணியாகவாசனம் செய்து, சந்தனம் வைத்து, இனி நீ இரண்டுக்கும் பொது என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் ஆயிற்றா. கடையில் கம்ப்யூட்டர் மூன்று. என்னுடையது விண்டோஸ். ஸ்வப்னா பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்து போட்டுக்கொண்டது லினக்ஸ், திறந்தால் பென்குவின் வரும். கடையின் முன்பாதியை வாடகைக்கு எடுத்துப் போட்டோ வேலை செய்யும் ஜோ வைத்திருப்பது மேக். பிரிண்டருக்கு இருப்பது ஒரு வயர். அதை ஒவ்வொருவராகப் பிடுங்கிப் பிடுங்கித் தங்கள் பெட்டியில் சொருகி, நாளெல்லாம் சண்டை. ஜோ ஒருநாள் சலித்துப்போய், "அண்ணே, இது மூணும் மூணு பாஷை. ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்கு வெளங்காது. விட்டுத்தள்ளுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசல் தாண்டினால் ஒரு பாஷை, ஆபீஸில் ஒரு பாஷை என்று காலங்காலமாக வாழ்கிற ஜனம் நாம். நம் கடையில் இருக்கிற பெட்டிகளுக்கு அது முடியாதா என்று கேட்டேன். முடியும் என்று ஸ்வப்னாதான் சொன்னாள். "அப்பா, பழைய பெட்டி ஒண்ணு பரண்ல கெடக்குல்ல, அதை நடுவுல வச்சு பிரிண்ட் சர்வர் ஆக்கிரலாம். எல்லாரும் அதுக்கு அனுப்புவோம், அது வரிசையா பிரிண்டருக்கு அனுப்பும்." ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அதுவே சரியான விளக்கம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மூலையில் உட்கார்ந்து சத்தம் மட்டும் போடும். சாயங்காலம் விளக்கேற்றும்போது லலிதாம்பாள் வந்து, "ஆளே இல்லாத பெட்டி எதுக்கு ஓடணும், கரண்டு என்ன சும்மாவா வருது" என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் அவரவர் பெட்டியைக் குற்றம் சொல்வோம். இதற்கு முடிவு கட்ட சுவிட்சின் மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினேன். அதற்குப் பிறகு சாமிக்கு விளக்கேற்றிவிட்டுச் சுவிட்சுக்கும் பூ வைத்தாள், அணைக்கவில்லை. விண்டோஸ் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். நீ யார் என்று மறுபடி கேட்டது. என் கடையில் என்னைப் பார்த்துக் கேட்டது. மேக்கிலிருந்து ஜோ ஒரு சர்ட்டிபிகேட்டை அனுப்பினான், ஒரு பக்கத்துக்குப் பதிலாக ஒரு கட்டு தாள் வந்தது, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி, அந்த வரியிலும் கொக்கியும் கட்டமும் ஆச்சரியக்குறியும். நிறுத்தினால் நிற்காது, அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். "அண்ணே, வயரைப் பிடுங்குங்க" என்று ஜோ கத்த, நான் அவசரத்தில் டேபிள் ஃபேன் வயரைப் பிடுங்க, அதுவரை வந்த தாளெல்லாம் காற்றில் பறந்து வீதிக்குப் போகாமல் கடைக்குள்ளேயே அடங்கியது என்ற வரையில் நல்லதாயிற்று. ஆனால் நான் விடவில்லை.

இதற்கெல்லாம் யோசனை சொல்ல ஸ்வப்னா ஓர் ஆளைப் பிடித்திருந்தாள். சீனியராம். பெயரைக் கேட்டால் 'சார்' என்பாள். வெளியூரிலிருந்து அந்த ஆள் போன் செய்வார், இவள் கடையில் என் கண்ணெதிரே நின்றுகொண்டு "டிரைவர் போட்டாச்சு சார், போர்ட் எது சார், ரீஸ்டார்ட் பண்ணவா சார்" என்று மணிக்கணக்கில் பேசுவாள். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தங்கள் புதல்வர் ஸ்ரீனிவாஸ் பெங்களூரில் இதே தொழிலில்தான் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை. "அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டா அஞ்சு நிமிச வேலைண்ணே" என்று ஜோவும் சொன்னான். நான் கேட்கவில்லை. கல்யாணம் முடியும்வரை பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஹம்சவேணி அம்மாள் போட்ட நிபந்தனை. என் மகளுக்குத் தங்கள் புதல்வரின் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. எந்தச் சன்னிதியில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

அந்த 'சார்' சொன்ன ஒரு யோசனையை மட்டும் நான் பாராட்டத்தான் வேண்டும். பிரிண்டர் ஒன்றே ஆனாலும் அதற்கு இரண்டு பெயர் வைக்கலாமாம். ஒரு பெயர் 'மங்களம்', ஒரு பெயர் 'துக்கம்'. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் தனித்தனி வரிசை. கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி உயிருக்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன்: ராகுகாலத்தில் 'மங்களம்' வேலை செய்யக் கூடாது. அந்த நேரத்தில் அனுப்பினால் உள்ளேயே காத்திருந்து, ராகுகாலம் முடிந்தபின் தானாக வர வேண்டும். துக்கத்துக்கு அந்தத் தடை வேண்டாம், அது அவசரம். கிழமைக்குக் கிழமை நேரம் மாறுமே, முடியுமா என்று கேட்கச் சொன்னேன். அந்த ஆள் போனிலேயே சிரித்தாராம். மறுநாள் செய்து கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் 'மங்களம்' அடங்கிக் கிடந்து, ஒன்பது மணி ஆனதும் தானாகக் காதுகுத்துப் பத்திரிகையை வெளியே தள்ளியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பெருமைப்பட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது.

இனி விருமாண்டிக்கு வருகிறேன். அவர் தவறியது செவ்வாய்க்கிழமை. அவர் மகன் சின்னச்சாமி பரவையிலிருந்து புல்லட்டில் வந்து, ஜோவிடம் அஞ்சலிப் படம் அடிக்கக் கொடுத்தார். அடித்த தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே மேஜையில் வைத்தார். "ஏண்ணே, எங்கப்பா மீசை எங்கண்ணே? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருக்கும். நீங்க பாதியில வெட்டிட்டீங்க. இம்புட்டு மீசையோட வாழ்ந்த மனுசன், இதை ஒட்டுனா ஊர்ல எங்களைக் காறித் துப்புவாய்ங்க." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜோ கட்டத்தை அகலப்படுத்தி, மீசை முழுதும் தெரிய மறுபடி அடித்துக் கொடுத்தான். மீசை வெட்டுப்பட்ட தாள்கள் ஒரு கட்டு கழிவில் சேர்ந்தன. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை எங்கள் வீட்டில் யாரும் எறிய மாட்டோம். லலிதாம்பாள் அதில் பால் கணக்கு எழுதுவாள். இது குறை என்றால் நம் ஜனத்தில் யார் வீட்டில் இந்தக் குறை இல்லை என்று தாங்களே சொல்லுங்கள்.

மறுநாள் புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஸ்வப்னாவின் பத்திரிகையை நானே எழுத்துக் கோத்து, நானே பிழை பார்த்து, 'மங்களம்' என்று அழுத்தி அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. பார்த்தால் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. புதன்கிழமை ராகுகாலம். என் மகள் பத்திரிகையை ராகுகாலத்தில் அடிக்கவிருந்த என் புத்தியை நொந்து, தடுத்த பெட்டிக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நேரம் பார்த்து 'சார்' போனில் வந்திருக்கிறார். மேக்கிலிருந்து 'துக்கம்' சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டுமாம். நல்ல தாளை ஏன் வீணாக்க வேண்டும், கழிவுத் தாள் இருந்தால் பிரிண்டர் தட்டில் வை என்று யோசனை சொல்லியிருக்கிறார். ஸ்வப்னா விருமாண்டியை எடுத்து வைத்துவிட்டாள். சோதனை முடிந்தது, மிச்சத் தாள்கள் தட்டிலேயே இருந்தன. ஒன்றரை மணிக்கு ராகுகாலம் முடிந்தது. 'மங்களம்' தானாக எழுந்து, பத்திரிகையை அழகாக விருமாண்டியின் முதுகில் அடித்து வெளியே வைத்தது. நான் கை கழுவிவிட்டு வந்து, பயபக்தியோடு எடுத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்தின் காலடியில் சார்த்தினேன். பிழை இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பார்த்தேன். திருப்பிப் பார்க்கவில்லை.

சம்பந்தி, நான் கேட்பது ஒன்றுதான். கழிவுத் தாளை வை என்று சொன்ன அந்த ஆளுக்கு என்ன வயது இருக்கும், கல்யாண வீட்டில் என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது என்று சொல்லி வளர்க்க அவருக்குத் தாய் தகப்பன் இல்லையா. பெற்றவர்கள் இருந்திருந்தால், அவர்கள் வளர்த்த லட்சணம் அது. தங்கள் புதல்வராக இருந்தால் இப்படி ஒரு யோசனை சொல்லியிருப்பாரா. இருந்தாலும் கடை என்னுடையது, ஆகவே பழியும் என்னுடையது. இரண்டாவது முறையாக மன்னிக்கவும். நடுப்பெட்டி காலையிலிருந்து முனகுகிறது என்று ஸ்வப்னா சொல்ல, அந்த ஆள் இன்று நேரிலேயே வருகிறாராம். வரட்டும்.

இப்போது நான் செய்திருக்கும் ஏற்பாடுகளைக் கேட்டால் தங்களுக்கு மனம் குளிரும். ஒருபக்கத் தாள் என்று ஒன்று இனி என் கடையில் கிடையாது. அத்தனையையும் கட்டிக் கடலை வண்டிக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்தாகிவிட்டது. தட்டில் தாள் வைக்கும் உரிமை எனக்கு மட்டும். எந்தத் தாள் வெளியே வந்தாலும் முதலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் பார்ப்பேன். விருமாண்டி குடும்பத்துக்கும் நான் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். அவர் எழுபது தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, சாகிற அன்று காலையிலும் மண்டிக்குப் போய்விட்டு வந்த மனிதர், அப்படிப்பட்டவர் எட்டிப் பார்த்ததில் அபசகுனம் எதுவும் இல்லை என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். வருகிற வியாழக்கிழமை புதிய மாதிரியோடு, அதே வெள்ளித் தட்டோடு பரமக்குடி வருகிறோம். தாங்கள் கதவைச் சாத்தினாலும் நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு இருப்பது ஒரே பெண், சம்பந்தி. தட்டு திரும்பி வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதைத் தங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். மூன்றாவது முறையாக மன்னிக்கவும்.

ஹம்சவேணி அம்மாளுக்கு என் நமஸ்காரமும், அழுத தங்கைக்கு ஆறுதலும், சின்னவர்களுக்கு ஆசிகளும் சொல்லவும். ஆவணி முகூர்த்தத்தில் தங்கள் வீட்டு வாழைமரமும் என் வீட்டு வாழைமரமும் ஒரே நாளில் கட்டப்பட அழகர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மாறாத சம்பந்தி,
துளசிராம்

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன். மேலே உள்ளதை அடித்து முடித்து, கல்யாண விஷயம் ஆகையால் 'மங்களம்' வழியாக அனுப்பினேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகுகாலம். சரி என்று வீட்டுக்குள் போய்க் காத்திருந்தபோது அந்த 'சார்' வந்துவிட்டார். நான் கடைக்குள் நுழைகையில் மேஜைக்கு அடியில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் விடவில்லை. மேலே அவரைப் பற்றி எழுதியிருப்பது அத்தனையையும், பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் உட்பட, அந்தக் கால்களைப் பார்த்து வாயாலும் சொன்னேன். கால்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. பிறகு ஸ்வப்னா, "அப்பா, போதும்ப்பா. சார் இல்லப்பா, அவருதான்" என்றாள். வெளியே வந்தது தங்கள் புதல்வர் ஸ்ரீனிவாஸ்.

"மாமா, வேஸ்ட் பேப்பர வைக்கச் சொன்னது நான்தான், அதை நீங்க சுமக்க வேணாம்" என்றார். இத்தனை நாளும் இருவரும் என் காதுபடத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை புரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். "பின்னால விருமாண்டி என்ன, எமனே நின்னாலும் முகூர்த்தம் மாறாது. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். லலிதாம்பாள் காபி கொண்டுவந்து, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கம்மி" என்று வைத்தாள். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஸ்வப்னா பக்கத்தில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள்.

ஆகவே சம்பந்தி, மேலே மூன்று இடங்களில் கேட்டிருக்கும் மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடித்துத் திருத்த நேரமில்லை, படிக்கும்போது தாங்களே விட்டுவிட்டுப் படிக்கவும். வியாழக்கிழமை நாங்கள் வருவதற்குப் பதிலாகத் தாங்கள் தட்டோடு வந்தாலும் முறைதான். வளர்த்த லட்சணம் என்று எழுதியதை மட்டும் மனதார மாற்றிக்கொள்கிறேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மேஜைக்கு அடியில் போயிருக்கிறார். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தை அவரே கொண்டுவருகிறார். ராகுகாலம் முடிந்ததும் 'மங்களம்' இதைத் தானாக வெளியே தள்ளியது. நான் சொன்னபடி முதலில் திருப்பிப் பார்த்தேன். நடுப்பெட்டியைச் சரிபார்க்க மாப்பிள்ளை கடலை வண்டிக்கு வைத்திருந்த கட்டிலிருந்து தாள் எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறார். மறுபடி அடிக்கப் போனால் கரண்டு இல்லை, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. எனவே இதைப் படிக்கும்போது ஹம்சவேணி அம்மாளை எதிரே உட்கார வைக்க வேண்டாம்.